தாடை மூட்டு வலி: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

தாடை வலியோடு வருகிறவர்களைப் பல வருடங்களாகப் பிசியோதெரபி மேசையில் பார்த்துவருகிறேன். பெரும்பாலும் பல் டாக்டர் அனுப்பி வருவார்கள். காது டாக்டர், பல் டாக்டர், நரம்பு டாக்டர் என்று ஒரு சுற்று முடித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. பலர் செல்போனில் வீடியோ பார்த்துப் பயிற்சியை ஏற்கனவே தொடங்கியிருப்பார்கள், வலியும் கூடியிருக்கும். பயிற்சிமேல் தப்பில்லை. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய நாலு வேலையை விட்டுவிட்டு நேராக அதற்குப் போனதுதான் தப்பு.

ஆகவே கீழே எண் போட்டிருக்கும் வரிசையைத் தாண்டிக் குதிக்காதீர்கள். குறிப்பாக இரண்டாவதை.

1. கையில் இருக்க வேண்டியவை

ஒரு கண்ணாடி, ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல், ஒரு சின்ன நோட்டு, ஒரு கைத்துண்டு, அலாரம் வைக்க செல்போன். இவ்வளவுதான். காசு கொடுத்து வாங்க வேண்டிய கருவி எதுவும் இந்தக் கட்டத்தில் கிடையாது.

ஸ்கேலைப் பார்த்து எடுங்கள். பள்ளிக்கூட ஸ்கேல்களில் ஓரத்துக்கும் பூஜ்யக் கோட்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அதை அப்படியே பல்லில் வைத்து அளந்தால் உண்மையான திறப்பைவிடக் குறைத்துக் காட்டும். "வாய் 33 மி.மீ.தான் திறக்குது" என்று பயந்து வந்த ஒருவருக்கு இங்கே அளந்தபோது 38 வந்தது. ஓரத்தைப் பூஜ்யம் வரை வெட்டிவிடுங்கள், சோலி முடிந்தது.

நோட்டு எதற்கென்றால், தாடை வலி ஏறி இறங்கும் சுபாவம் உள்ளது. இன்று நன்றாக இருந்தால் நேற்றைய வலி மறந்துவிடும். இன்று வலித்தால் ஒரு மாத முன்னேற்றமே பொய்யாகத் தெரியும். தினமும் ஒரே நேரத்தில் இரண்டு எண் எழுதினால் போதும்: 10-க்கு எவ்வளவு வலி, எத்தனை மி.மீ. திறப்பு.

2. இது மூட்டு வலிதானா?

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். தாடை மூட்டு காதுத் துளைக்குச் சற்று முன்னால், விரல்கடை தூரத்தில் இருக்கிறது. அதனால் மூட்டு வலி காது வலியாகத் தெரியும். உடனே வீட்டில் நல்லெண்ணெய் காய்ச்சிக் காதில் ஊற்றுவார்கள். வேண்டாம். காது ஜவ்வில் ஓட்டை இருந்தால் அது வேறு வம்பு. காது டாக்டர் பார்த்து "காது சுத்தமாக இருக்கிறது" என்று சொன்ன பிறகும் வலி தொடர்கிறதா, அப்போது மூட்டைச் சந்தேகப்படலாம்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். வேறொரு நோயை மூட்டு வலி என்று நினைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். கீழே சொல்கிறவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

மாடிப்படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ தாடை வலித்து, உட்கார்ந்தால் குறைகிறது என்றால் அது இதயமாக இருக்கலாம். நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். மாரடைப்பு வலி தாடையில் மட்டும் தெரிவதும் உண்டு.

காய்ச்சலோடு தாடைக்கடியில் வீக்கம், எச்சில் விழுங்கச் சிரமம் என்றால் பல்லிலிருந்து சீழ் பரவியிருக்கலாம். இது அன்றே பார்க்க வேண்டியது. கடைவாயில் ஞானப்பல் பாதி முளைத்து, சுற்றியுள்ள ஈறு வீங்கினாலும் வாய் திறக்காது. பல்லைக் கவனிக்காமல் தாடையை நீவுவதில் பயனில்லை.

காயம் பட்டு சில நாளோ சில வாரமோ கழித்துத் தாடை இறுகி, கழுத்தும் விறைத்தால் ரண ஜன்னியாக இருக்கலாம். ஊசி போட்டுக்கொண்டோமா இல்லையா என்று வீட்டில் விவாதித்துக்கொண்டிருக்காமல் அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் தலைவலி, சாப்பாட்டை மென்றுகொண்டிருக்கும்போதே தாடை சோர்ந்து வலிப்பது, பார்வை மங்குவது, இவை சேர்ந்து வந்தால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் பார்வை போகலாம். முகத்தில் மின்சாரம் அடித்தாற்போல் சில நொடிகள் மட்டும் பளீரென்று வெட்டும் வலி என்றால் நரம்பு டாக்டரைப் பாருங்கள். மூட்டு அப்படி வலிக்காது.

சைக்கிளிலிருந்தோ படியிலோ விழுந்து முகவாயில் அடிபட்ட குழந்தையைத் தையல் போட்டதோடு விட்டுவிடாதீர்கள். அடி முகவாயில் விழுந்தாலும் உடைவது காதுப் பக்கம் இருக்கும் தாடை எலும்பின் கழுத்தாக இருக்கலாம். கவனிக்காமல் விட்ட சில குழந்தைகளுக்கு மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டி, வாய் திறப்பதே நின்றுவிடும்; தாடை வளர்ச்சியும் ஒரு பக்கமாகக் கோணும். எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

கடைசியாக, நம் பக்கத்தில் தவறவே விடக்கூடாத ஒன்று. பாக்கு, குட்கா, பான் மசாலா போடுகிறவருக்கு வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் போகிறதென்றால் சிக்கல் மூட்டில் இல்லை, கன்னத்தின் உட்தோலில் இருக்கிறது. அந்தத் தோல் நார் ஓடி இறுகிவிடுகிறது. அடையாளம் எளிது: சாதாரண ரசமே காரமாக எரியும், கன்னத்தின் உட்புறம் வெளுத்து, தொட்டால் தோல்பட்டை மாதிரி கெட்டியாக இருக்கும், வலி அவ்வளவாக இருக்காது. இது புற்றுநோயாக மாறும் வாய்ப்புள்ள நிலை. இவர்கள் மூட்டுக்கு ஒத்தடம் கொடுத்து மாதக்கணக்கில் வீணடிப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். வெற்றிலையோடு பாக்குப் போடுகிற பாட்டிமார்களுக்கும் இது வரும், "நான் புகையிலை போடறதில்லையே" என்பார்கள். பாக்கே போதும்.

3. தொட்டுப் பார்ப்பது

ஆட்காட்டி விரல்களை இரண்டு காதுக்கும் முன்னால் வைத்து வாயை மெல்லத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் ஒரு குமிழ் முன்னால் நகர்ந்து, ஒரு பள்ளம் விழும். அதுதான் மூட்டு. இது கதவுக் கீலாக மட்டும் சுழல்வதில்லை. பாதி திறப்பு வரை சுழலும், பிறகு குமிழ் தன் குழியைவிட்டு முன்னால் வழுக்கும். குமிழுக்கும் குழிக்கும் நடுவே ஒரு மெல்லிய டிஸ்க், தொப்பி மாதிரி உட்கார்ந்து கூடவே நகர்கிறது. பெரும்பாலான சத்தங்கள் இந்தத் தொப்பி நழுவுவதால் வருபவை.

அடுத்து தசை. பல்லை ஒரு முறை இறுக்கிக் கடித்தால் கன்னத்தில் தாடைக் கோணத்துக்குச் சற்று மேலே ஒரு கட்டி புடைக்கும். அது கன்னத் தசை. நெற்றிப்பொட்டில் புடைப்பது இன்னொரு தசை. இடத்தைக் கண்டுபிடித்த பிறகு பல்லைத் தளர்த்தி, அந்த இடங்களை அழுத்திப் பாருங்கள்.

எவ்வளவு அழுத்துவது? வீட்டில் சமையல் தராசு இருந்தால் அதன்மேல் விரலை ஊன்றி 1 கிலோ காட்டும் வரை அழுத்துங்கள். தசைக்கு அந்த அழுத்தம். மூட்டுக்கு அதில் பாதி. முதல்முறை அழுத்துகிற எல்லாருமே அதிகமாகத்தான் அழுத்துவார்கள். அப்படி அழுத்தினால் வலி இல்லாத ஆளுக்கும் வலிக்கும்.

கேட்க வேண்டிய கேள்வி "வலிக்கிறதா?" அல்ல. "இது என்னுடைய அந்தப் பழைய வலியா?" என்பதுதான். அழுத்தும்போது நீங்கள் தினமும் படுகிற அதே வலி எழுந்தால், இடம் கண்டுபிடித்தாயிற்று. புது மாதிரி வலித்தால் அதற்குப் பெரிய அர்த்தம் இல்லை. கன்னத் தசையை அழுத்தும்போது பல் வலியோ, பொட்டுத் தசையை அழுத்தும்போது தலைவலியோ கிளம்புவதும் உண்டு. பல்லில் ஒன்றுமே இல்லாமல் வேர் சிகிச்சை செய்துகொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கன்னத்தை அழுத்தினால் அதே "பல் வலி" வரும்.

4. திறப்பை அளப்பது

கண்ணாடி முன் உட்கார்ந்து, வலிக்கும் இடம் வரை வாயைத் திறந்து, மேல் முன்பல்லின் நுனியிலிருந்து கீழ் முன்பல்லின் நுனி வரை அளக்கவும். பெரியவர்களுக்கு 40 மி.மீ.க்கு மேல் இருந்தால் சரி. ஸ்கேல் இல்லாதபோது, உங்கள் கையின் நடு மூன்று விரல்களை அடுக்கி உள்ளே விட்டுப் பார்க்கலாம். மூன்றும் போனால் கவலையில்லை. இரண்டு மட்டுமே போகிறது, அதுவும் திடீரென்று ஒரு நாளிலிருந்து என்றால், 5-ஆம் பகுதியில் பூட்டு பற்றிச் சொல்வதைப் படியுங்கள்.

திறக்கும்போது தாடை எந்த வழியில் போகிறது என்றும் பாருங்கள். ஒரு பக்கம் ஒதுங்கி, கடைசியில் நடுவுக்கே திரும்பி வந்தால் பெரும்பாலும் டிஸ்க் நழுவி மறுபடி உட்காருகிறது. ஒரு பக்கமாகப் போய் அங்கேயே நின்றுவிட்டால் அந்தப் பக்கத்து மூட்டு வழுக்காமல் நிற்கிறது.

ஒரு நாளைக்கு ஒரு தரம் அளந்தால் போதும். சிலர் மணிக்கொரு தரம் அளக்கிறார்கள். அதுவே தாடைக்கு வேலை.

5. உங்களுடையது எந்த வகை

தசை வலிதான் அதிகம். காலையில் எழும்போது கன்னம் கனத்து இருப்பது, மாலையில் பொட்டு வலிப்பது, மென்றுகொண்டிருக்கும்போதே தாடை சோர்வது, அழுத்தினால் பழைய வலி கிளம்புவது. இவர்களுக்குக் கீழே சொல்லும் 6, 7, 8 மட்டுமே பெரும்பாலும் போதும்.

திறக்கும்போது "டக்" என்று ஒரு சத்தம், வலி இல்லை, திறப்பும் சரியாக இருக்கிறது என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். எனக்கே இடது பக்கம் கல்லூரி நாளிலிருந்து டக்கென்கிறது. அமைதியான அறையில் கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். இது வரை எந்த வைத்தியமும் செய்துகொள்ளவில்லை. சத்தத்தைப் போக்குவதை இலக்காக வைத்தால் ஏமாற்றம்தான். வலியும் திறப்பும் சரியான பிறகும் சத்தம் அப்படியே இருக்கலாம்.

நெடுநாள் டக் டக்கென்று இருந்து, ஒரு நாள் காலையில் சத்தம் நின்றுபோய், கூடவே வாயும் இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை என்றால் அது பூட்டு. நழுவிய டிஸ்க் முன்னால் சிக்கி வழியை அடைத்துக்கொண்டது. "சத்தம் போயிடுச்சு, நல்லதுதானே" என்று நினைத்து விட்டுவிடுவது இங்கே நடக்கும் தவறு. முதல் சில நாட்களுக்குள் வந்தால் கையாலேயே விடுவிக்க வாய்ப்பு அதிகம். நாள் போகப் போக அது கடினம். பலவந்தமாக நீங்களே வாயைப் பிளக்காதீர்கள்.

மணல் அரைபடுவது போல் நறநறவென்று சத்தம் என்றால் எலும்புத் தேய்மானம். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இளவயதிலேயே வரலாம். மற்ற மூட்டுகளும் காலையில் இறுகியிருந்தால் மூட்டுவாத டாக்டரிடம் போக வேண்டும்.

இன்னொன்று, திறந்த வாய் மூட மறுப்பது. பெரிய கொட்டாவி, நீண்ட பல் சிகிச்சை, வாந்தி இவற்றுக்குப் பிறகு நடக்கும். குமிழ் மேட்டைத் தாண்டி முன்னால் போய் மாட்டிக்கொண்டது. மோவாயைப் பிடித்து மேலே தள்ளுவார்கள்; ஓங்கி ஓர் அறை விட்டால் சரியாகும் என்று சொல்லிச் செய்பவர்களும் உண்டு. இரண்டும் தப்பு. தாடையை முதலில் கீழே இறக்கி, அப்புறம் பின்னால் தள்ளினால்தான் மேட்டைத் தாண்டி வரும். அதை டாக்டர் செய்யட்டும். ஒரு துண்டைக் கையில் வைத்து எச்சிலைத் துடைத்தபடி, பேச முயலாமல், பக்கத்து மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

6. பல்லைப் பிரித்து வைப்பது

இது ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே நிறைய பேருக்கு வலி பாதியாகிவிடுகிறது. எல்லாரும் அலட்சியப்படுத்துவதும் இதைத்தான், ஏனென்றால் சிகிச்சை மாதிரியே தெரியாது.

வாய் மூடியிருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக்கூடாது. உதடு மூடியிருக்கலாம், பல் பிரிந்திருக்க வேண்டும். மெல்லுவதும் விழுங்குவதும் சேர்த்தாலும் நாள் முழுக்கப் பற்கள் தொட வேண்டிய நேரம் அரை மணிகூட வராது. கம்ப்யூட்டர் முன் எட்டு மணி நேரம் பல்லோடு பல்லை லேசாக ஒட்டி வைத்திருக்கிறவர் தசைக்கு எவ்வளவு அதிக வேலை கொடுக்கிறார் என்று பாருங்கள். நறநறவென்று கடிக்க வேண்டியதே இல்லை. லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தாலே தசை ஓய்வெடுக்காது.

சரியான நிலை எது என்று சொல்லிக்கொடுக்க நம் மொழி நல்ல வசதி. "நான்" என்று சொல்லி, கடைசி "ன்"-இல் நாக்கை அப்படியே நிறுத்துங்கள். நாக்கு நுனி மேல் பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஒட்டியிருக்கும், பல் பிரிந்திருக்கும். இப்போது உதட்டை மட்டும் மூடுங்கள். அதுதான் தாடையின் ஓய்வு நிலை. முதல் எழுத்தான "நா"-வில் நிறுத்தாதீர்கள். அதற்கு நாக்கு பல்லிலேயே முட்டும்.

பழக்கமாவது எப்படி? செல்போனில் அரை மணிக்கு ஒரு அலாரம், இரண்டு வாரம். அடிக்கும்போது கேள்வி ஒன்றுதான்: பல் தொட்டுக்கொண்டிருக்கிறதா? ஆமாம் என்றால் "நான்" சொல்லித் தளர்த்துங்கள். முதல் மூன்று நாள் எல்லாரும் திடுக்கிடுவார்கள், பத்துக்கு எட்டு தரம் தொட்டிருக்கும். அலாரம் ஒத்துவராத வேலையென்றால் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு பொட்டு ஒட்டுங்கள். பஸ் ஓட்டுநர் ஒருவர் ஸ்டியரிங் பக்கத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தார். வீட்டம்மாவிடமே கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

இதோடு சேர்த்து நிறுத்த வேண்டிய சில்லறைப் பழக்கங்கள்: நகம் கடிப்பது, பேனா மூடி கடிப்பது, செல்போனைத் தோளில் இடுக்கிப் பேசுவது, மோவாயில் கை ஊன்றி உட்காருவது, குப்புறப் படுப்பது, சோடா மூடியைப் பல்லால் திறப்பது. தையல் வேலை பார்க்கும் ஒரு பெண் மூன்று மாதம் எங்களிடம் வந்தும் சரியாகவில்லை. ஒரு நாள் பேச்சுவாக்கில், நூலைக் கத்தரிக்கோலால் வெட்டினால் நேரமாகிறது என்று பல்லால் கடித்துத்தான் அறுப்பேன் என்றார். ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று கேட்டேன். சிரித்தார். சின்ன நூல்வெட்டி ஒன்றை மிஷினில் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் வலி இறங்கியது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். அதன் பிறகு எல்லாரிடமும் தொழிலை விவரமாகக் கேட்கிறேன்.

7. சாப்பாடு

இரண்டு மூன்று வாரத்துக்கு மெல்லும் சுமையைக் குறைக்க வேண்டும். கஞ்சி மட்டும் குடித்துக் கிடக்கச் சொல்லவில்லை. இட்லி, இடியாப்பம், பொங்கல், குழைந்த சாதம், பருப்பு, முட்டை, மீன், வேகவைத்த காய் எல்லாம் சாப்பிடலாம். முறுக்கு, தட்டை, சீடை, கமர்கட், கடலை மிட்டாய், சூயிங்கம், பரோட்டா, முற்றின ஆட்டுக்கறி வேண்டாம். கொய்யா, ஆப்பிள் கடித்துத்தான் சாப்பிடுவேன் என்றால் அதுவும் வேண்டாம், நறுக்கிச் சாப்பிடுங்கள். முன்பல்லால் கடிக்கும்போது தாடை முன்னால் வந்து மூட்டில் அழுத்தம் ஏறுகிறது.

கரும்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். பொங்கல் முடிந்த வாரம் எங்களுக்குத் தாடை வலிக்காரர்களின் சீசன். கரும்பில் கடிப்பதும் பிய்ப்பதும் நீண்ட நேரம் மெல்லுவதும் மூன்றும் சேர்ந்தே நடக்கிறது. ஒரு வருஷம் சாறாகக் குடியுங்கள்.

ஒரே பக்கம் மெல்லாதீர்கள். வலிக்கும் பக்கத்தைக் காப்பாற்ற மறுபக்கமே மென்று, கடைசியில் இரண்டு பக்கமும் வலியோடு வருவார்கள். கொட்டாவி வரும்போது நாக்கை மேல் அண்ணத்தில் ஒட்டி, மோவாய்க்கடியில் கையை முட்டுக்கொடுங்கள். திறப்பு தானாக அளவோடு நிற்கும்.

8. ஒத்தடமும் நீவுதலும்

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கன்னத்திலும் பொட்டிலும் 15 நிமிடம், காலை மாலை. துண்டு சீக்கிரம் ஆறிவிடும், மேலே காய்ந்த துண்டைப் போர்த்தினால் சூடு நிற்கும். முன்கையின் உட்புறம் வைத்துச் சூட்டைப் பார்த்த பிறகே முகத்துக்கு. அடிபட்ட புதிதில் மட்டும், துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம்.

வலித்தைலம் தடவிவிட்டு அதன்மேல் ஒத்தடம் கொடுக்காதீர்கள். தோல் வெந்துவிடும். வாரம் ஒருவராவது கன்னத்தில் சிவந்த பட்டையோடு வந்து நிற்கிறார்.

ஒத்தடம் முடிந்த கையோடு நீவ வேண்டும், தசை அப்போதுதான் இளகியிருக்கும். பல் பிரிந்திருக்கட்டும். இரண்டு விரலால் கன்னத் தசையை அழுத்தி, சின்ன வட்டமாக ஒரு நிமிடம். முடிச்சு தட்டுப்பட்டால் அதன்மேல் விரலை அப்படியே வைத்து, வலி கரையும் வரை 20, 30 நொடி காத்திருங்கள். பொட்டிலும் அதேபோல். மூட்டின் மேலேயே தேய்ப்பதில் பிரயோஜனம் இல்லை, எரிச்சல்தான் கூடும்.

9. பயிற்சி, இப்போதுதான்

மேலே சொன்னதை இரண்டு வாரம் செய்து, நோட்டில் வலி எண் இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். அழற்சியில் இருக்கும் மூட்டை நீட்டி மடக்கினால் அது இன்னும் இறுகும். அதனால்தான் இதை ஒன்பதாவதாக வைத்தேன்.

முதல் பயிற்சி: நாக்கு நுனியை "ன்" இடத்தில் ஒட்டியபடியே, நாக்கு விடுபடாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடுங்கள். 6 தரம், ஒரு நாளைக்கு 6 வேளை. நாக்கு மேலே இருந்தால் தாடை வழுக்கும் எல்லைக்குப் போகாது, கீல் போலச் சுழல மட்டும் செய்யும். கண்ணாடியில் பார்த்து நேர்கோட்டில் திறக்கப் பழகுங்கள். ஒரு வாரம் இது மட்டும் போதும்.

இரண்டாவது: மோவாய்க்கடியில் இரண்டு விரலை வைத்து மெல்லத் தடுத்தபடி, வாயைக் கொஞ்சம் திறக்க முயலுங்கள். 6 நொடி. தாடை அசையக்கூடாது. பலம் கால்வாசி போதும். திறக்கும் தசை வேலை செய்யும்போது கடிக்கும் தசை தானாகத் தளர்கிறது, அதுதான் இதன் சூட்சுமம். அப்புறம் மோவாயின் வலப்பக்கம், இடப்பக்கம் விரல் வைத்து அதேபோல்.

மூன்றாவது, வாய் குறைவாகத் திறப்பவர்களுக்கு மட்டும்: ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, சிரமமில்லாமல் நிற்கிற எண்ணிக்கையோடு அரை நிமிடம் இருப்பது. சில நாளுக்கொரு முறை நடுவில் ஒரு குச்சியைச் செருகுவது. இதை பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஒரு தரம் பார்த்துச் சொன்ன பிறகே செய்யுங்கள். தாடை நழுவி மாட்டிக்கொள்ளும் ஆட்கள் இதைத் தொடவே கூடாது.

அளவு எது? பயிற்சி முடிந்து அரை மணிக்குள் வலி பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். மறுநாள் காலை வரை நீடித்தால் பாதியாகக் குறையுங்கள்.

சத்தம் இன்னும் வருகிறதா என்று அடிக்கடி தாடையை ஆட்டிச் சோதிக்கும் பழக்கத்தை யாரும் பயிற்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே என் எதிரில் உட்கார்ந்து டக், டக் என்று செய்துகாட்டுவார்கள். அதை விடுங்கள்.

10. மாத்திரை

முதல் வாரத்தில் வலி தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் கேட்டு வலி மாத்திரையைச் சில நாள் சாப்பிடலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம், ரத்தம் இளக்கும் மாத்திரை, இவற்றில் ஏதாவது இருந்தால் மருந்துக் கடையில் தானாக வாங்கவே கூடாது. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் பல் கடிப்பதைத் தூண்டும். மாத்திரை தொடங்கிய பிறகு தாடை வலி வந்திருந்தால் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

11. நைட் கார்டு

தூக்கத்தில் பல் கடிப்பதை "நான்" சொல்லி நிறுத்த முடியாது. அதனால் பல் தேய்கிறது, காலையில்தான் வலி அதிகம் என்றால் நைட் கார்டு, அதாவது இரவில் பல்மேல் மாட்டிக்கொள்ளும் தட்டு பற்றிப் பல் டாக்டரிடம் பேசலாம். அது பல்லைக் காக்கும்; ஆனால் வலியைப் போக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் நாள்பட்ட தாடை வலிக்கென்று ஒரு வழிகாட்டுதல் வந்தது. மேற்பார்வையோடு செய்யும் தாடைப் பயிற்சி, தசை முடிச்சுகளைக் கையால் அழுத்தித் தளர்த்துவது, சி.பி.டி. எனப்படும் மனநலச் சிகிச்சை, விளக்கிச் சொல்லி வீட்டுப் பயிற்சி கொடுப்பது ஆகியவற்றை அது வலுவாகப் பரிந்துரைக்கிறது. கழற்றி மாட்டும் தட்டுகளையும், தசையைத் தளர்த்தப் போடும் போட்டாக்ஸ் ஊசியையும் பொதுவாகத் தவிர்க்கும் பக்கம் வைத்திருக்கிறது.

செய்துகொள்வதானால் எல்லாப் பல்லையும் மூடும் கெட்டியான அக்ரிலிக் தட்டு, அளவெடுத்துச் செய்தது, இரவுக்கு மட்டும். ஆன்லைனில் கிடைக்கும், வெந்நீரில் போட்டுக் கடித்துக்கொள்ளும் மெத்தென்ற வகை சிலருக்குக் கடிப்பதை இன்னும் தூண்டிவிடுகிறது. முன்பல்லை மட்டும் மூடும் தட்டை இரவு பகலாகப் போட்டால் பின்பல் எழும்பி, கடியே மாறிவிடலாம்.

12. ஸ்கேன், ஊசி, ஆபரேஷன்

முதல் நாளே எம்.ஆர்.ஐ. கேட்காதீர்கள். வலியே இல்லாத பலருக்கும் அதில் டிஸ்க் நழுவியிருப்பது தெரியும். ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து பல்லை இன்னும் இறுக்கிக் கடிப்பார்கள், அதுதான் கண்ட பலன். பல் டாக்டர் எடுக்கும் ஓ.பி.ஜி. எனப்படும் முழுத் தாடை எக்ஸ்ரே படத்தில் எலும்பும் பல்லும்தான் தெரியும், டிஸ்க் தெரியாது. பூட்டு விடவில்லை, அடிபட்டது, முகம் கோணுகிறது என்ற மாதிரி ஸ்கேன் முடிவு சிகிச்சையை மாற்றக்கூடிய இடத்தில் மட்டும் அது தேவை.

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் எண்கள் நகரவில்லை என்றால் நோட்டை எடுத்துக்கொண்டு வாய்–முக அறுவை சிகிச்சை நிபுணரையோ ஓரல் மெடிசின் (வாய் நோய்) டாக்டரையோ பாருங்கள். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் இந்தப் பிரிவுகள் இருக்கின்றன. விடாத பூட்டுக்கு ஊசியால் மூட்டைக் கழுவிவிடும் முறை உண்டு. திறந்து செய்யும் ஆபரேஷன் மிகச் சிலருக்குத்தான் தேவைப்படும்.

ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். தாடை வலிக்கு என்று சொல்லி நல்ல பற்களை ராவவோ, வாய் முழுக்க கேப் போடவோ, கிளிப் மாட்டவோ யாராவது சொன்னால், இரண்டாவது டாக்டரிடம் கேட்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். ராவிய பல் திரும்ப வளராது. தாடை வலியோ பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே இறங்கக்கூடியது.

13. திரும்ப வந்தால்

வரும். பரீட்சை மாதம், வீட்டில் ஒரு கல்யாணம், ராத்தூக்கம் இல்லாத வாரம், புது ஹெல்மெட் கன்னத்தை அழுத்துவது என்று ஏதோ ஒன்று கிளப்பிவிடும். அப்போது பழைய பயிற்சியை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். 2-ஆம் பகுதியை ஒரு தரம் ஓட்டிப் பார்த்து, எதுவும் பொருந்தவில்லை என்றால் அலாரத்தை மறுபடி வைத்து 6-இல் தொடங்குங்கள். பழைய நோட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால், போன தடவை எத்தனை நாளில் இறங்கியது என்று அதிலேயே இருக்கும்.